கடலலையும் கமராவும்: கிளார்க் லிட்டிலின் ஒளிப்படங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

கலைகளுள் ஒளிப்படக்கலை இளையது. 1839ஆம் ஆண்டிலே பிரான்சில் உலகறிய வெளிப்படுத்தப்பட்ட இக்கலை, கலை என்னும் தகுதியைப் பெறுவதற்கே நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. மனிதனின் கை வரையாததை, பொறியொன்று பதிவுசெய்ததை, எவ்வாறு கலையெனக் கொள்வது என்பதே அன்று எழுப்பப்பட்ட வினா. அவ்வினா இன்று பெரிதும் ஓய்ந்துவிட்டது. போர்க்களத்தையும் பஞ்சத்தையும் தொழிலாளர் வாழ்வையும் காட்டிய ஒளிப்படங்கள் திறனாய்வாளரின் மதிப்பைப் பெற்றுவிட்டன. ஆயின், இயற்கையை மட்டும் காட்டும் ஒளிப்படத்தின் நிலை வேறு. அது நாட்காட்டியிலும் வரவேற்பறைச் சுவரிலும் இடம்பெறுகின்றது; ‘அழகாக இருக்கின்றது’ என்ற ஒரு தொடரோடு அதனைப் பற்றிய பேச்சும் முடிந்துவிடுகின்றது. அழகென்று கூறி அப்பாற் செல்வது மதிப்பீடாகாது. அவ்வழகு எவ்வாறு ஆக்கப்பட்டது, அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பனவும் வினவப்படல் வேண்டும்.

இவ்வினாக்களை எழுப்புவதற்குப் பொருத்தமான ஒருவர் ஹவாய்த் தீவுகளில் வாழும் கிளார்க் லிட்டில். 2007ஆம் ஆண்டு தொடக்கம் அவர் கடலலைகளைப் படம்பிடித்து வருகின்றார். கரையில் நின்றன்று, உடையும் அலையின் உள்ளே நின்று. அவருடைய படங்கள் உலகெங்குமுள்ள பத்திரிகைகளிலும் சஞ்சிகைகளிலும் வெளிவந்துள்ளன; வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலுக்கு ‘அலைகளின் கலை’ என்று பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. நீருள் இறங்கியமையால் அவரது கலை பெற்றது யாது, இழந்தது யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

இதனை விளங்கிக்கொள்ள, லிட்டிலுக்கு முன்னர் அலை எவ்வாறு நோக்கப்பட்டது என்பதைச் சுருக்கமாகவேனும் அறிதல் அவசியம். யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஏறத்தாழ 1831ஆம் ஆண்டில் ஆக்கிய ‘கனகாவாவின் பேரலை’ என்னும் மர அச்சுப்படம் உலகப் புகழ் பெற்றது. கொடுவிரல்கள் போன்று நுரை விரித்து அலை எழுந்து நிற்கின்றது. அதன் கீழே மூன்று படகுகள். படகுகளில் குனிந்து ஒடுங்கிய துடுப்பாளர்கள். தூரத்தே சிறுத்துத் தோன்றும் பூஜி மலை. கண்ணாற் பிடித்து நிறுத்த முடியாத ஒரு கணத்தை ஓவியனின் கற்பனை நிறுத்தியது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லு கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளிற் கடலைப் படம்பிடித்தபோது, அன்றைய இரசாயனப் பொருள்களின் குறைபாட்டால் கடலும் வானும் ஒரே படத்திலே தெளிவுற விழவில்லை. எனவே, சில படங்களில் அவர் கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு எதிர்ப்படங்களை இணைத்தார். 1869ஆம் ஆண்டளவில் ஓவியர் கூர்பே நோர்மண்டிக் கரையில் நின்று அலைகளைக் கனத்த, இருண்ட பாறைகள் போலத் தீட்டினார். கூர்பேயின் அலைகளில் மனிதர் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. லு கிரேயும் கூர்பேயும் அலையைக் கரையிலிருந்தே நோக்கினர். அலை அவர்களுக்கு எதிரே நின்றது. அவர்களைச் சூழ்ந்து நிற்கவில்லை.

கமரா கடலுக்குள் இறங்கியது இயற்கையை நாடியன்று, மனிதனை நாடியே என்பது இக்கலையின் வரலாற்றில் முக்கியமான செய்தியாகும். பலகையின்மீது நின்று அலையிற் சறுக்கி வருதல் ஹவாய் மக்களின் தொன்மையான கலை. 1820ஆம் ஆண்டில் அங்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரின் செல்வாக்காலும், புதிய நோய்களால் மக்கட்டொகை குன்றியமையாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நலிவுற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கிக் கரையில் மீண்டும் தழைத்தது. அங்கு சென்று பழகிய அமெரிக்கரான டொம் பிளேக், 1930ஆம் ஆண்டளவில் கமராவுக்கு நீர்புகாத கூடொன்றைத் தாமே செய்து, அலையிற் சறுக்குவோரை நீர்மட்டத்திலிருந்தே படம்பிடித்தார். அப்படங்கள் 1935இல் ‘நஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகையில் வெளிவந்தன. அவற்றைப் போன்ற படங்களாற் கவரப்பட்ட கலிபோர்னியப் பல் வைத்தியர் ஜோன் ஹீத் போல் தாமும் நீர்புகாக் கூடு செய்துகொண்டு கடலில் இறங்கினார். 1946இல் அவர் வெளியிட்ட நூல் கலிபோர்னிய அலைச்சறுக்கு வீரரின் வாழ்வைக் காட்டும் முதல் ஆவணமாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்வழியில் வந்தவர்களுள் லீரோய் கிரானிஸ் குறிப்பிடத்தக்கவர். தொலைபேசிக் கம்பனியொன்றில் ஊழியராக இருந்த அவர், மன அழுத்தத்தைத் தணிக்கப் பொழுதுபோக்கொன்றை மேற்கொள்ளுமாறு வைத்தியர் கூறிய ஆலோசனையின்பேரில் நாற்பது வயதைத் தாண்டிய பின்னரே தீவிரமாக ஒளிப்படம் எடுக்கத் தொடங்கினார். கரைக்கு மீளாமலே படச்சுருளை மாற்றுவதற்குப் பலகையிற் பொருத்தக்கூடிய நீர்புகாப் பெட்டியொன்றையும் செய்துகொண்டார். 1960களில் அவர் எடுத்த படங்களில் அலை மட்டுமன்று, ஒரு தலைமுறையே பதிவாகியுள்ளது. கரையில் நிறுத்திய பழைய கார்கள், போட்டியைக் காணத் திரண்ட கூட்டம், வெயிலிற் கறுத்த இளைஞர், அவர்களின் ஆடை, அவர்களின் செருக்கு ஆகிய யாவும் அவற்றில் உள. போருக்குப் பிந்திய கலிபோர்னியாவின் செழிப்பும் ஓய்வும் இளைஞர் மனநிலையும் பற்றி அறிய விரும்பும் சமூக வரலாற்றாசிரியனுக்கு அவை சான்றாதாரங்களாகும்.

இதற்கு மாறான திசையிற் சென்றவர் ஜோர்ஜ் கிறீனோ. 1941இற் பிறந்த இவர், ஏறத்தாழ 12 கிலோகிராம் நிறையுள்ள கமராவை முதுகிற் கட்டிக்கொண்டு, முழந்தாளிட்டுச் சிறு பலகையில் ஏறி, சுருளும் அலையின் குழாய்க்குள்ளேயே சென்று திரைப்படம் பிடித்தார். 1973இல் வெளிவந்த ‘கிறிஸ்டல் வோயேஜர்’ என்னும் படத்தின் இறுதிப் பகுதி முழுவதும் இவ்வாறு எடுக்கப்பட்டதே. பிங்க் புளொயிட் குழுவின் நீண்ட இசை பின்னணியில் ஒலிக்க, அலையின் கூரை மெதுவாக வளைந்து இறங்குகின்றது. அங்கே வீரன் இல்லை. பார்ப்பவனே வீரனின் இடத்தில் நிற்கின்றான். பிளேக் தொடக்கம் கிரானிஸ் வரை கமராவின் முன்னால் இருந்த மனிதன், கிறீனோவின் கையில் கமராவின் பின்னால் சென்றுவிட்டான். இது வெறும் உத்தி மாற்றமன்று, நோக்குநிலையின் மாற்றம். லிட்டிலின் கலை இம்மாற்றத்தின் வழிவந்தது. கிறீனோவின் அலை ஓடிக்கொண்டிருந்தது. லிட்டிலின் அலை நின்றுவிட்டது என்பதே வேறுபாடு.

லிட்டில் கலிபோர்னியாவிற் பிறந்து சிறு வயதிலேயே ஹவாய்க்கு வந்தவர். ஓவாஹு தீவின் வடகரையில் வளர்ந்தவர். அவருடைய சகோதரர் புரொக் லிட்டில், 2016இல் மறையும் வரை, பேரலைகளிற் சறுக்கும் வீரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டவர். கிளார்க் தமது இளமையில் வைமியாக் குடாவில், கரையிலேயே உடையும் அலைகளில், பிறர் அஞ்சும் இடத்திற் சறுக்கிப் பெயர் பெற்றார். பின்னர் பல ஆண்டுகள் ஹொனலுலு தாவரவியற் பூங்காத் துறையில் ஊழியராகக் கடமையாற்றினார். படுக்கையறைச் சுவருக்கு அலைப்படமொன்று வேண்டுமென்று மனைவி விரும்ப, விலைக்கு வாங்குவானேன் என்று தாமே சிறிய நீர்புகாக் கமராவுடன் கடலில் இறங்கியமை அவரது கலைவாழ்வின் தொடக்கமாயிற்று. இத்தொடக்கம் சுவையான செய்தி என்பதற்காக இங்கு கூறப்படவில்லை. சுவரில் தொங்குவதற்காகவே பிறந்த கலை இது. அதன் வலிமையும் வரம்பும் இப்பிறப்பிலேயே அடங்கியுள்ளன.

அவர் தேர்ந்துகொண்ட அலையின் இயல்பை அறியாமல் அவரது படங்களை மதிப்பிட இயலாது. ஆழ்கடலில் அலை செல்லும்போது நீர் பெரும்பாலும் இடம்பெயர்வதில்லை. நீர்த்துணிக்கைகள் வட்டமாகச் சுழல, வடிவமும் சக்தியுமே முன்னோக்கிச் செல்கின்றன. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும்போது, அலை தன் அடியை இழந்து முன்னே கவிழ்கின்றது. கடற்கரை படிப்படியாகத் தாழும் இடங்களில் இது கரைக்குத் தூரத்தே மெதுவாக நிகழும். வைமியா போன்ற செங்குத்தான மணற்கரையிலோ, வட பசிபிக்கின் குளிர்காலப் புயல்கள் அனுப்பும் அலைகள் கரையை எட்டும் வரை தம் சக்தியை இழப்பதில்லை. கரையடியிலே திடீரென எழுந்து, முழந்தாளளவு நீரிலோ வெறும் மணலிலோ வந்து வீழ்கின்றன. முந்திய அலையின் நீர் சரிவில் மீண்டு இறங்கி, மணலையும் அள்ளிக்கொண்டு அடுத்த அலைக்குள் ஏறுகின்றது. இத்தகைய அலைகள் புரட்டி எறிந்ததாற் கழுத்தெலும்பும் முதுகெலும்பும் முறிந்தோர் உளர். இவற்றின் வயிற்றினுள்ளே, காலில் இறப்பர்த் துடுப்புகளை அணிந்து, நீர்புகாக் கூட்டினுள் வைத்த கமராவை ஏந்தியபடி லிட்டில் நிற்கின்றார். அகன்ற காட்சிப் பரப்பையுடைய மீன்கண் வில்லை, செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்த ஒளிபடும் நேரம், ஒரு செக்கனிற் பல படங்களை எடுக்கும் பொறி ஆகியன அவரது கருவிகள். படம் எடுத்த மறுகணமே அலை அவர்மீது வீழ்கின்றது.

இவ்வாறு உருவான படங்களை மூன்று வகையாக நோக்கலாம். முதலாவது வகை, அலைக் குழாயினூடாகக் கரையைக் காட்டுவது. வளைந்த நீர்ச்சுவர் படத்தின் நாற்புறமும் சட்டமிட, அதன் வாயினூடாகத் தென்னை மரங்களும் மலையும் வானும் தெரிகின்றன. கரையிலிருந்து கடலை நோக்கிய நீண்டகால மரபு இங்கே தலைகீழாகிவிட்டது. இங்கே கடலே கரையை நோக்குகின்றது. லு கிரேயும் கூர்பேயும் காண முடியாத காட்சி இது. இப்புதுமையே லிட்டிலின் கலைக்கு உலகப் புகழைத் தந்தது எனலாம்.

இரண்டாவது வகை, காலைக் கதிரிலும் மாலைக் கதிரிலும் எடுக்கப்பட்டவை. மெலிந்த நீர்ச்சுவரின் பின்னால் ஞாயிறு நிற்க, அலை பொன்னாகவும் செம்மையாகவும் சில வேளைகளில் தீப்பிழம்பாகவும் மாறுகின்றது. இவையே மிகுதியும் மக்களாற் விரும்பப்படுபவை. எனினும் இவையே அவரது படைப்புகளுள் வலிமை குன்றியவை. இங்கு நிறம் அலையிடமிருந்து பிறக்கவில்லை. வானிலிருந்து கடன் வாங்கப்பட்டது. இந்நிறத்தை எந்தக் கடலும், எந்தக் குளமும் எந்த மாலைப்பொழுதிலும் தரும். அலையின் நிறையும் வேகமும் மறைந்து, அது கண்ணாடிச் சிற்பமாகிவிடுகின்றது.

மூன்றாவது வகை மணலைக் காட்டுவது. இவ்வகைப் படங்களில் நீர் நீலமாகவோ பச்சையாகவோ இல்லை, கலங்கிப் பழுப்பேறியிருக்கின்றது. அடிமணல் கயிறுகளாகவும் நரம்புகளாகவும் அலைச்சுவரின்மீது ஏறுகின்றது. மேலே உதடு கவிழ, கீழே நிலம் உறிஞ்சப்படுகின்றது. இப்படங்களை முதன்முறையாகக் காண்போர் அழகென்று உடனே சொல்வதில்லை. ஒரு கணம் பின்வாங்குகின்றனர். அலை என்பது நீரின் அணிகலன் அன்று, நிலத்தைத் தின்னும் ஒரு தொழில் என்பதை இவை உணர்த்துகின்றன. கரை ஒவ்வொரு நாளும் கரைந்து ஆக்கப்படுகின்றது என்ற உண்மை, புவியியற் பாடநூல் பல பக்கங்களில் விளக்கும் உண்மை, இங்கே ஒரு கணத்தினுள் நிகழ்ச்சியாகக் கண்முன் நிற்கின்றது. லிட்டிலின் மிகச் சிறந்த படைப்புகள் இவ்வகையினவே.

இனி, இக்கலையின் குறைபாடொன்றையும் எடுத்துரைத்தல் வேண்டும். மருட்கை என்னும் மெய்ப்பாடு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. லிட்டிலின் படங்கள் எழுப்பும் உணர்வு மருட்கையே என்பதில் ஐயமில்லை. புதுமை அவற்றில் உண்டு. பெருமையோ ஆய்வுக்குரியது. மீன்கண் வில்லை அண்மையிலுள்ளதைப் பேருருவாகவும் சேய்மையிலுள்ளதைச் சிற்றுருவாகவும் காட்டும் இயல்பினது. ஆதலால், இடுப்பளவு உயர்ந்த அலையும் மலையளவாகத் தோன்றக்கூடும். படத்தில் மனிதன் இல்லாதபோது, அலையின் உயரம் ஒரு மீற்றரோ ஐந்து மீற்றரோ என்று அறிவதற்கு அளவுகோல் இல்லை. ஹொக்குசாயின் அலை எவ்வளவு பெரிது என்பதைப் படகிற் குனிந்திருக்கும் துடுப்பாளர்கள் கூறுகின்றனர். அவர்களை நீக்கிவிட்டால் அலை எஞ்சும். ஆனால் அச்சம் எஞ்சாது. அளவு தெரியாத பெருமை கண்ணை வியக்கவைக்கும், கருத்தில் நிலைக்காது.

இவ்விடத்து, முதல், கரு, உரி என்னும் நம் பழைய இலக்கியப் பாகுபாட்டையும் நினைவுகூரலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றைச் சார்ந்த உயிர்களும் தொழில்களும் கருப்பொருள். மனித ஒழுக்கமே உரிப்பொருள். முதலினுங் கருவும், கருவினும் உரியும் சிறந்தன எனப் பாடலாராய்ச்சியில் வற்புறுத்தப்படுவதன் கருத்து, மனிதனோடு தொடர்புறாத இயற்கை வருணனை முழுமை பெறாது என்பதே. லிட்டிலின் படங்களில் நிலமும் பொழுதும் உள, சில படங்களில் கடலாமையும் உண்டு, உரிப்பொருள் எங்கே? கிரானிஸின் படங்களில் அது கண்கூடு. 2024ஆம் ஆண்டு ஒலிம்பிக் அலைச்சறுக்குப் போட்டியின்போது தஹிற்றித் தீவில், பிரேசில் வீரர் கப்ரியேல் மெடினா அலையின் மேலே ஆகாயத்தில் நிமிர்ந்து நிற்பது போன்று ஜெரோம் புறுயே எடுத்த படத்திலும் அது உண்டு. படகிலிருந்து எடுக்கப்பட்ட அப்படத்தில் மனிதனின் வெற்றிக் கணமே யாவும். அலை அவனுக்குப் பின்னணி மாத்திரமே. லிட்டிலின் படங்களோ இதன் மறுமுனையில் நிற்கின்றன.

எனினும், உரிப்பொருள் அறவே இல்லை என்று கூறுவதும் பொருந்தாது. இவற்றில் மனிதன் படத்தின் உள்ளே இல்லை. படத்தின் முன்னால் இருக்கின்றான். அலை கவிழப்போகும் இடத்தில் ஓர் உடல் நின்றமையாலேயே இக்கோணம் கிடைத்தது. கரையில் நிறுத்திய கமரா இதனைத் தராது, கப்பலும் தராது. ஒவ்வொரு படமும் ஓர் உடலின் சான்று. மணற்படங்களில் இச்சான்று உணரப்படுகின்றது. கலங்கிய நீரும், சாய்ந்த அடிவானமும், தலைக்கு மேல் கவிழும் உதடும் அங்கே ஒருவன் நிற்கின்றான் என்று சொல்லாமற் சொல்கின்றன. செங்கதிர்ப் படங்களில் அது துடைக்கப்படுகின்றது. உழைப்பும் ஆபத்தும் பொன்னிறத்தின் பின்னே மறைந்து, பார்ப்பவன் எவ்வித விலையும் கொடாமலே அலையின் உள்ளிடத்தைப் பெற்றுவிடுகின்றான். சந்தைக்கு வேண்டியதும் இதுவே. விற்பனைக்குரிய கலைப்பொருள் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கும்போதே எளிதில் விலைபோகின்றது.

இக்குறை கலைஞனை மட்டும் சார்ந்ததன்று என்பதும் கூறப்பட வேண்டும். ஒரே கரையை, ஒரே அலையை ஆண்டாண்டாகப் படம்பிடிக்கும் ஒருவனுக்குத் தன்னைத் தானே திரும்பச் சொல்லும் அபாயம் என்றும் உண்டு. அவுஸ்திரேலியாவின் ரே கொலின்ஸை இங்கு ஒப்புநோக்கலாம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்த அவரும் 2007ஆம் ஆண்டளவிலேயே கமராவைக் கையிலெடுத்தவர். நிறங்களை வேறுபடுத்திக் காண்பதிற் குறைபாடு உடையவர். அவருடைய அலைகளில் மனிதரில்லாத படங்கள் பல. ஆயினும், நிறத்தின் துணையை அதிகம் நாடாது, ஒளி நிழல் வேறுபாட்டாலேயே அலையை மலைமுகடாகக் காட்டுகின்றமையால் அப்படங்களில் நீரின் கனம் குன்றுவதில்லை. மனிதன் இல்லாமையே குறையன்று, கனம் இல்லாமையே குறை என்பதற்கு அவர் படைப்புகள் சான்று. மனிதரில்லாத கூர்பேயின் ஓவியங்களும் இதனையே மெய்ப்பிக்கின்றன.

தொகுத்து நோக்குமிடத்து, கிளார்க் லிட்டிலின் சாதனை மறுக்க முடியாதது. கடலின் பார்வையிலிருந்து கரையைக் காட்டும் நோக்குநிலையை அவர் உலகறியச் செய்தார். மனிதக் கண் ஒருபோதும் நிறுத்திப் பார்த்திராத கணங்களை நிறுத்திக் காட்டினார். பிளேக், போல், கிரானிஸ், கிறீனோ ஆகியோர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாக நீருள் இறங்கிய பாதையின் எல்லைவரை அவர் சென்றார். ஆனால், அவ்வெல்லையில் நின்று எடுத்த படங்கள் யாவும் ஒரே மதிப்புடையனவல்ல. சுவருக்கு அழகு செய்யும் படங்களை அவர் ஏராளமாகத் தந்துள்ளார். சுவரிலிருந்து நம்மைத் தள்ளி நிறுத்தும் படங்களைச் சிலவாகவே தந்துள்ளார். முன்னவை அவருக்குப் புகழையும் பொருளையும் ஈட்டின. பின்னவையே அவரைக் கலைஞராக்கின. மணலும் நீரும் பிணைந்து எழும் அக்கலங்கிய அலைகளில், அழகுக்கும் அச்சத்துக்கும் இடையே ஓர் உடல் நின்றது என்ற உண்மை அழியாமற் பதிந்திருக்கின்றது.